தலையாட்டிப் பொம்மை செய்த தர்மம்

ஒரு பெண்மணி. பதினெட்டாவது வயதில் வீட்டை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். தமக்கென்று எதையும் வைத்துக் கொள்வதில்லை என்று கடவுள் முன்னிலையில் சத்தியம் செய்து கொடுத்தவர். நிலம் இல்லை, நகை இல்லை, பாங்கியில் சேர்த்து வைத்த பணம் இல்லை. அவருக்கு இப்போது வயது தொண்ணூற்றெட்டு. இடுப்பு எலும்பு முறிந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர் யாருக்காவது தர்மம் செய்ய வேண்டுமென்று நினைத்தால் எதைக் கொடுக்க முடியும், சொல்லுங்கள் பார்க்கலாம்?

அவர் தம் முகத்தைக் கொடுத்தார்! அந்த முகத்தை வைத்துப் பொம்மை செய்தார்கள். தலையாட்டிப் பொம்மை! ஆயிரக் கணக்கான குடும்பங்கள் ஆளுக்கு இருபத்தைந்து டாலர் கொடுத்து அதை வாங்கிக் கொண்டு போய் அலமாரியில் வைத்தன.

இது நடந்தது அமெரிக்காவில், 2018-ஆம் வருஷத்தில். அந்தப் பெண்மணியின் பெயர் ஸிஸ்டர் ஜீன். கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன். கேளுங்கள்.

டீச்சரைப் பார்த்து ஆசை

1919-ஆம் வருஷம் ஆகஸ்டு 21-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் டொலோரஸ். மூன்றாவது வகுப்புப் படிக்கும்போது அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஒரு கன்னிகாஸ்திரீ. எப்போதும் சிரித்த முகம். "நானும் இவர் மாதிரி ஆக வேண்டும்" என்று அந்த எட்டு வயதிலேயே குழந்தையின் மனத்தில் விழுந்து விட்டது. நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் டீச்சரைப் பார்த்து விட்டு டீச்சராக வேண்டும் என்று சுவரில் சாக்கட்டியால் எழுதுகிறார்கள்! பாதிப் பேருக்கு அது அடுத்த வருஷமே மறந்து போகும். டொலோரஸுக்கு மறக்கவில்லை.

1937-இல் அயோவா மாகாணத்தில் டுபுக் என்ற ஊரில் இருந்த மடத்தில் போய்ச் சேர்ந்தாள். 1833-இல், டப்ளினிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த மேரி பிரான்ஸஸ் கிளார்க் என்ற அம்மையாரும் அவருடைய தோழிகளும் ஆரம்பித்த சபை அது. குழந்தைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுப்பதே அவர்களுடைய முக்கியமான வேலை. அங்கே டொலோரஸ், ஸிஸ்டர் ஜீன் ஆனார்.

கலிபோர்னியாவில் பல வருஷம் பள்ளிக்கூட ஆசிரியை. அதோடு விட்டாரா? பள்ளி நாட்களில் தாமும் கூடைப்பந்து ஆடியவர் அல்லவா? பெண் குழந்தைகளுக்குக் கூடைப்பந்து, கைப்பந்து, மேஜைப் பந்து எல்லாம் கற்றுக் கொடுத்தார். யோயோ என்று கயிற்றில் கட்டிச் சுழற்றும் சக்கரம் இருக்கிறதே, அதற்குக்கூட அவர்தான் வாத்தியார்!

1961-இல் சிகாகோ நகரத்துக்கு வந்தார். அங்கே அவருடைய சபையார் நடத்தி வந்த மண்டலைன் பெண்கள் காலேஜில் உத்தியோகம். 1991-இல் அந்தக் காலேஜ் பக்கத்திலிருந்த லயோலா சர்வகலாசாலையுடன் இணைந்து விட்டது. 1994-இல் ஸிஸ்டருக்கு எழுபத்தைந்து வயது. "போதும், ஓய்வெடுத்துக் கொள்ளலாம்" என்று நினைத்த சமயத்தில் சர்வகலாசாலையார் ஒரு வேலை சொன்னார்கள். கூடைப்பந்து ஆடும் பையன்கள் படிப்பில் கோட்டை விடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

அது போதாதா! அதே வருஷம் அணியின் குருவாகவே ஆகி விட்டார். ஆட்டத்துக்கு முன்னால் பையன்களைச் சுற்றி நிறுத்திப் பிரார்த்தனை செய்வார். பிரார்த்தனையோடு பிரார்த்தனையாக, "எதிர்க் கட்சியில் இன்ன நம்பர் பையன் பொல்லாதவன், அவன் மேல் ஒரு கண் இருக்கட்டும்" என்பதையும் சேர்த்து விடுவார்! ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியாக மின்னஞ்சல். இன்னது நன்றாகச் செய்தாய், இன்னதைத் திருத்திக் கொள். 2011-இல் போர்ட்டர் மோஸர் என்ற புதுப் பயிற்சியாளர் வந்து சேர்ந்த முதல் நாளே அவர் மேஜை மேல் ஒரு காகிதக் கட்டு காத்திருந்ததாம். ஒவ்வோர் ஆட்டக்காரனின் பலம் என்ன, பலவீனம் என்ன என்று ஸிஸ்டர் எழுதி வைத்தது!

அந்த மார்ச் மாதம்

அமெரிக்காவில் வருஷந்தோறும் மார்ச் மாதம் காலேஜ்களுக்குள் பெரிய கூடைப்பந்துப் பந்தயம் நடக்கும். அறுபத்தெட்டு அணிகள். ஓர் ஆட்டம் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நம் ஊரில் கிரிக்கெட் டெஸ்ட் சமயத்தில் எப்படியோ, அப்படி அங்கே ஆபீஸிலும் வீட்டிலும் இதே பேச்சு. யார் யார் எந்தச் சுற்றில் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே அட்டவணை எழுதி வைத்துக் கொண்டு பாட்டிமார் முதல் பேரன்மார் வரை சண்டை போடுவார்கள்.

லயோலா 1963-இல் ஒரு முறை சாம்பியன் ஆனது. அதெல்லாம் பழங்கதை. 1985-க்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் இடம் கிடைப்பதே குதிரைக் கொம்பாகி விட்டது. 2018-இல் கிடைத்தது. ஆனால் தர வரிசையில் பதினோராவது இடம். யாரும் பொருட்படுத்தவில்லை.

முதல் ஆட்டம் மயாமியோடு. கடைசி விநாடியில் தூரத்திலிருந்து வீசிய பந்து வளையத்துக்குள் விழுந்தது. 64-62. அடுத்தது டென்னஸி. அதிலும் கடைசி விநாடிகளில்தான் வெற்றி. 63-62. அடுத்தது நெவாடா. 69-68. மூன்று ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் மொத்த வித்தியாசம் நாலே நாலு புள்ளி! நாலாவது ஆட்டத்தில் கான்ஸாஸ் ஸ்டேட்டை 78-62 என்று சுலபமாக ஜெயித்துக் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்து விட்டார்கள். பதினோராவது இடத்தில் ஆரம்பித்து அந்த மட்டத்துக்கு வந்த அணிகள் அதற்கு முன் மூன்றே மூன்றுதான்.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் காமிராக்கள் எங்கே திரும்பின தெரியுமோ? ஜெயித்த பையன்கள், மைதான ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு சிறிய உருவத்தை நோக்கி ஓடினார்கள். குனிந்து கட்டிக் கொண்டார்கள். கழுத்தில் அணியின் வர்ணத்தில் மப்ளர், மூக்குக் கண்ணாடி, காலில் விளையாட்டுக்காரர்களின் பூட்ஸ், ஒரு குதிகாலில் 'ஸிஸ்டர்', இன்னொன்றில் 'ஜீன்' என்று எழுத்து. நாலு மாதத்துக்கு முன்னால்தான், 2017 நவம்பரில், கீழே விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக் கொண்டவர். பையன்களுடன் ஊர் ஊராகப் போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்துக் கிளம்பி வந்திருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஸிஸ்டரும் ஓர் அட்டவணை எழுதி வைத்திருந்தார். அதில் லயோலா மூன்றாவது ஆட்டத்தில் தோற்று விடும் என்று கண்டிருந்தது! பையன்கள் அதைப் பொய்யாக்கி விட்டார்கள். இந்த மாதிரி பொய்யாவதில் எந்தப் பாட்டிக்குத்தான் வருத்தம்?

மார்ச் 31-ந் தேதி மிச்சிகனிடம் 69-57 என்ற கணக்கில் தோற்றார்கள். கனவு அங்கே முடிந்தது. ஆனால் அதற்குள் ஸிஸ்டர் ஜீனை உலகம் தெரிந்து கொண்டு விட்டது. அவரைப் பேட்டி காண நிருபர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக் கொண்டு நின்றார்கள். "தேசம் பூராவும் பிரபலமாகி விட்டீர்களே!" என்று ஒருவர் சொன்னபோது, தேசத்தோடு நிற்கவில்லை, உலகம் பூராவும் என்று சிரித்துக் கொண்டே திருத்தினாராம்!

பொம்மை வந்தது

தலையாட்டிப் பொம்மை நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் போனவர்கள் வாங்காமல் வந்ததில்லை. எதற்கெடுத்தாலும் "சரி, சரி" என்று சொல்லும் கணவன்மாருக்கு உவமையாகவும் அது பயன்பட்டு வருகிறது! தஞ்சாவூர்ப் பொம்மையில் தலை, உடல் எல்லாம் தனித்தனி. ஒன்றின் மேல் ஒன்று ஊசலாடும்படி அமைத்திருப்பார்கள். அமெரிக்கப் பொம்மையில் உடலுக்கும் தலைக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங். உடல் சிறியது, தலை பெரியது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் நெடுநேரம் ஆடிக் கொண்டிருக்கும். பாபிள்ஹெட் என்று பெயர்.

1960-ஐ ஒட்டி அந்த நாட்டில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பெயரில் இந்தப் பொம்மைகள் வந்தன. காகிதக் கூழில் செய்தவை. ஒரு விசித்திரம் கேளுங்கள். வில்லி மேஸ் கறுப்பு இனத்தவர். ராபர்ட்டோ கிளமென்டே போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவர். மிக்கி மான்ட்டில் வெள்ளைக்காரர். ஆனால் மூன்று பேர் பொம்மைக்கும் ஒரே குழந்தை முகம்! சட்டையையும் பெயரையும் மாற்றினார்களே தவிர, முகத்தை மாற்றவில்லை. எல்லாருக்கும் ஒரே அச்சு.

பிறகு இந்த மோகம் அடங்கிக் கிடந்தது. 1999 மே 9-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியார் மைதானத்துக்கு வந்தவர்களுக்கு வில்லி மேஸ் பொம்மையை இனாமாகக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மறுபடியும் பிடித்துக் கொண்டது. இப்போதெல்லாம் ஒவ்வொரு பொம்மைக்கும் சிற்பி ஒருவர் புகைப்படங்களைப் பார்த்துத் தனியாக முகம் பிடிக்கிறார். அதற்கு அச்சு எடுத்து, பிசின் வார்த்து, கையால் வர்ணம் தீட்டுகிறார்கள். பெரும்பாலும் சீனாவில்தான் தயாராகிறது. முழுசாகக் கைக்கு வந்து சேரச் சில மாதம் பிடிக்கும்.

ஸிஸ்டர் ஜீனுக்கு 2018-க்கு முன்பே ஒரு பொம்மை உண்டு. சர்வகலாசாலையார் ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தது. அப்போது அதற்குப் பெரிய மதிப்பில்லை. குழந்தைகள் விளையாடியிருக்கும், பரணில் போட்டிருப்பார்கள். அந்த மார்ச் மாதம் வந்ததும் என்ன ஆயிற்று? இணையத்து ஏலக் கடைகளில் அதே பொம்மை நூற்றுக் கணக்கான டாலருக்குப் போயிற்று!

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த நூற்றுக் கணக்கான டாலரில் ஸிஸ்டருடைய மடத்துக்கோ காலேஜுக்கோ எவ்வளவு போயிற்று? ஒரு சல்லிக் காசு கிடையாது. பரணிலிருந்து எடுத்து விற்ற ஆசாமிக்குத்தான் எல்லாம். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவருடைய பொருள், அவர் விற்றார். ஆனால் எதையும் தமக்கென்று வைத்துக் கொள்ளாத ஒருவரின் முகம் சந்தையில் ஏலம் போகிறது, அவர் சேர்ந்த யாருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றால் மனசுக்கு என்னவோ போலத்தானே இருக்கிறது?

மில்வாக்கி நகரத்தில் பில் ஸ்க்லார், பிராட் நோவக் என்று இரண்டு சிநேகிதர்கள். தலையாட்டிப் பொம்மைகளுக்கென்றே ஒரு காட்சிசாலை அமைக்கப் போவதாக 2014-இல் அறிவித்து விட்டு, பொம்மை தயாரித்து விற்றுக் கொண்டிருந்தவர்கள். அவர்கள் சர்வகலாசாலையின் அனுமதியோடு புதிதாக ஸிஸ்டர் ஜீன் பொம்மை கொண்டு வந்தார்கள். விலை இருபத்தைந்து டாலர். விற்பனையில் ஒரு பங்கு லயோலாவுக்கும் ஸிஸ்டருடைய சபைக்கும்.

பொம்மை இன்னும் தயாராகக்கூட இல்லை. வெறும் படத்தைப் பார்த்து விட்டு, மாதக் கணக்கில் காத்திருக்கச் சம்மதித்து ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். அந்த இரண்டு சிநேகிதர்களும் அதுவரை விற்ற அத்தனை பொம்மைகளையும் சில நாட்களுக்குள் ஸிஸ்டர் மிஞ்சி விட்டார். உயரம் உயரமான ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் அந்த வரிசையில் இருக்க, ஒரு கிழவியம்மாள் முதல் இடத்துக்கு வந்தார்!

மடத்துக்குப் பணம் எதற்கு?

"கன்னிகாஸ்திரீகளுக்குப் பணம் எதற்கு? ஒரு வேளைச் சாப்பாடும் ஓர் அங்கியும் போதாதோ?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் தெரிந்தால் வருத்தப்படுவீர்கள்.

அமெரிக்காவில் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் தாங்கி நின்றவர்கள் இந்த ஸ்திரீகள். அவர்களுக்குக் கிடைத்ததைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. ஏதோ கைச்செலவுக்கு என்று கொஞ்சம். அதையும் மடத்துப் பொதுப் பணத்தில் சேர்த்து விடுவார்கள். முதுமைக்கென்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. இளம் பெண்கள் வந்து சேர்ந்து கொண்டே இருப்பார்கள், அவர்கள் உழைப்பில் மூத்தவர்கள் காப்பாற்றப்படுவார்கள் என்பதுதான் வழக்கம். கூட்டுக் குடும்பத்தில் நடப்பது போலத்தான்.

பிறகு இளம் பெண்கள் வருவது குறைந்தது. இருந்தவர்களுக்கு வயதாயிற்று. சர்க்கார் கொடுக்கும் முதியோர் உதவித் தொகை கூட, வறுமை விரதம் எடுத்துக் கொண்ட இவர்களுக்கு 1972 வரையில் இல்லை. அதற்குப் பிறகும் கிடைப்பது கொஞ்சம்தான், ஏனென்றால் கணக்குப் பார்க்க அவர்களுக்குச் சம்பளமே கிடையாதே! 1988 முதல் வருஷத்துக்கொரு முறை கோயில்களில் இவர்களுக்காக உண்டியல் குலுக்கி வருகிறார்கள். ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்த கைகள், கடைசிக் காலத்தில் மருந்துக்கும் பராமரிப்புக்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்கள்? குடும்பத்துக்காக ஆயுள் பூராவும் உழைத்து விட்டு, தம் பெயரில் ஒன்றும் இல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் அத்தைமாரும் பெரியம்மாமாரும் நம் வீடுகளில் இல்லையா?

ஆகவே, அந்த மடத்துக்குப் போன பணத்தை ஸிஸ்டர் ஜீன் தமக்காக வாங்கிக் கொண்டதாக எண்ண வேண்டாம். எண்பது வருஷம் தம்மைச் சோறு போட்டு வளர்த்த குடும்பத்துக்கு, தம்மிடம் மிஞ்சியிருந்த ஒரே பொருளை அவர் கொடுத்தார்.

எத்தனை காசு போகிறது?

சரி, இதையெல்லாம் கேட்டு உருகி விட்டுப் பையைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்கும் பார்க்க வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதும் பெண்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இருபத்தைந்து டாலர் கொடுத்துப் பொம்மை வாங்கினால், இருபத்தைந்தும் தர்மத்துக்குப் போய் விடாது. சிற்பிக்குக் கூலி, அச்சுக்கும் வர்ணத்துக்கும் செலவு, பெட்டி, கப்பல் சத்தம், விற்பவர் லாபம் எல்லாம் போக மீதிதான். 2020-ஆம் வருஷம் கொரோனா வந்தபோது அதே மில்வாக்கிக்காரர்கள் டாக்டர் அந்தோணி பௌச்சியின் பொம்மையைப் போட்டார்கள். தொற்று நோயைப் பற்றித் தினமும் அமெரிக்க மக்களுக்கு எடுத்துச் சொல்லிக் கொண்டிருந்தாரே, அந்த டாக்டர்தான். சிறு வயதில் பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணிக்கு அவர் காப்டன் என்பது பலருக்குத் தெரியாது! அந்தப் பொம்மைக்கும் விலை இருபத்தைந்துதான். ஆனால் அதில் கணக்கைத் திட்டமாகச் சொல்லி விட்டார்கள்: ஒவ்வொரு பொம்மைக்கும் ஐந்து டாலர், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு முகமூடி வாங்க.

"ஐந்தில் ஒரு பங்குதானா?" என்று முகம் சுளிக்காதீர்கள். இருபதாயிரம் பொம்மை விற்றால் ஒரு லட்சம் டாலர். பௌச்சி பொம்மை அந்த லட்சத்தைத் தாண்டியது. விற்பனையில் ஸிஸ்டர் ஜீனையும் முந்தி விட்டது. அந்த இருபதாயிரம் பேரிடமும் உண்டியலை நீட்டியிருந்தால் எத்தனை பேர் போட்டிருப்பார்கள்? சிலர் நிறையப் போட்டிருப்பார்கள். பலர் வேறு பக்கம் பார்த்திருப்பார்கள். பொம்மை அந்தப் பலரையும் இழுத்து வந்தது.

உண்மையிலேயே உதவி செய்ய வேண்டும், பொம்மையில் ஆசை இல்லை என்றால், பேசாமல் முழுப் பணத்தையும் நேரே அனுப்பி விடுவதுதான் சிறந்தது. பொம்மையும் வேண்டும், புண்ணியமும் வேண்டும் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் உருவமோ, அவர் சம்மதம் இருக்கிறதா? பணம் யாருக்குப் போகிறது, பெயர் சொல்லியிருக்கிறார்களா? ஒன்றுக்கு எவ்வளவு என்று தொகை போட்டிருக்கிறார்களா? "லாபத்தில் ஒரு பகுதி" என்று மொட்டையாகச் சொன்னால், அந்தப் பகுதி யானையாகவும் இருக்கலாம், எறும்பாகவும் இருக்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கறிகாய்க்காரியிடம் நாலணாவுக்கு வாதாடுகிறவர்கள் தர்மம் என்றதும் வாயை மூடிக் கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அமெரிக்காவுக்கு மட்டும் உரிய யோசனையல்ல இது. நம் தெரு முனையில் நடக்கும் நிதி விற்பனைக்கும் இதுவேதான்.

முதலில் செய்த முகம்

இந்த இரண்டு சிநேகிதர்களுக்குப் பொம்மை செய்து விற்கும் எண்ணம் எப்படி வந்தது என்பதையும் சொல்லி விடுகிறேன். முதலில் இருவரும் வெறும் சேகரிப்பாளர்கள்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் போய் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து, இருவரும் குடியிருந்த வீடு நிறைந்து போயிற்று. 2013-இல் தாங்களே ஒன்று செய்து பார்த்தார்கள். யாருடைய உருவம்? பெரிய சாம்பியன் உருவம் என்று நினைப்பீர்கள். இல்லை. மனவளர்ச்சிக் குறைவு உள்ளவர்களுக்கென்று நடக்கும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பந்தயங்களில் கலந்து கொள்ளும் அவர்களுடைய நண்பர் ஒருவரின் உருவம்! தம் உருவத்தில் பொம்மையைப் பார்த்ததும் அந்த நண்பருக்கு உண்டான சந்தோஷத்தைக் கண்டுதான், "இதையே தொழிலாகச் செய்தால் என்ன?" என்று அவர்களுக்குத் தோன்றியது. 2019 பிப்ரவரியில் மில்வாக்கியில் அவர்களுடைய காட்சிசாலை திறந்தபோது, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகள் வரிசை வரிசையாக நின்று வந்தவர்களுக்குத் தலையாட்டின.

ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்ற வில்லி மேஸுக்குக்கூடத் தம் சொந்த முகம் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே அச்சு. இன்றைக்கோ, செய்திப் பத்திரிகையில் பெயர் வராத ஒரு மனிதருக்கும், சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கன்னிகாஸ்திரீக்கும் அவரவர் முகத்தோடு பொம்மை இருக்கிறது. பேரக் குழந்தை அதைத் தட்டி விட்டு, "இது யார் பாட்டி?" என்று கேட்கும். அப்போது சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. பொம்மை வாங்கியதில் உள்ள பாதிப் பலன் அதில்தான்.

ஸிஸ்டர் ஜீன் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 2021-இல், நூற்றோரு வயதில், மறுபடியும் பந்தயத்துக்குப் போய்ப் பையன்களுக்காகப் பிரார்த்தனை செய்தார். அவர்கள் முதல் தரத்தில் இருந்த இல்லினாய் அணியையே தோற்கடித்தார்கள். 2022-இல் சர்வகலாசாலையை ஒட்டிய ரயில் நிலையத்தின் முன் வெளிக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். 2023-இல், தம் முதல் நூறு வருஷங்களில் கற்றுக் கொண்டதைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார். 'முதல்' நூறு வருஷங்களாம்! 2025 செப்டம்பரில் வேலையிலிருந்து விலகிக் கொண்டார். அக்டோபர் 9-ந் தேதி, நூற்றாறாவது வயதில் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற சொத்துக்கு உயில் எழுத வேண்டிய அவசியம் இருந்திராது. ஆனால் எத்தனையோ வீடுகளில், புஸ்தக அலமாரியின் மேல் தட்டில், மூக்குக் கண்ணாடியும் புன்னகையுமாக ஒரு சிறு உருவம் நிற்கிறது. தூசி தட்டும்போது கை பட்டால் போதும். "ஆகட்டும், இன்னொரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாம்" என்று சொல்வது போலத் தலையை ஆட்டுகிறது.